கல்லைப் படித்த இளைஞர்

சார்லஸ் டார்வின் என்றதும் நினைவுக்கு வருவது நெஞ்சு வரை இறங்கிய வெண்தாடியும் குழிவிழுந்த கண்களும் கொண்ட முதியவரின் படம். பாடநூல்களில் அச்சாகும் அந்த முகம் 1860களையும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் சேர்ந்தது. ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்த 1859இல் அவருக்கு வயது 50. அந்தத் தாடி அப்போது இல்லை. அந்த நூலுக்கு வித்திட்ட கடற்பயணத்துக்குக் கிளம்பியபோது வயது 22. இயற்கைத் தேர்வு என்ற கருத்தைக் குறிப்பேட்டில் எழுதியபோது வயது 29.

அந்த இளைஞர் தம்மை யாராகக் கருதினார்? உயிரியலாளராக அல்ல, நிலவியலாளராக. ‘பீகிள்’ கப்பலில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றியபோது விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 368 பக்கங்கள். பாறைகளையும் நிலத்தையும் பற்றி எழுதியவை 1,383 பக்கங்கள். லண்டன் திரும்பியதும் அவருக்குப் பதவி தந்தது நிலவியல் கழகம். பயணத்தின் அறிவியல் பயனாக அவர் தம் பெயரில் எழுதி வெளியிட்ட மூன்று ஆய்வு நூல்களும் நிலவியல் நூல்களே. முதியவர் டார்வினின் உயிரியலை விளங்கிக்கொள்ள இளைஞர் டார்வினின் நிலவியல் வழியாகப் போவதே நேர்வழி. பரிணாமக் கொள்கையை எழுதிய சிந்தனைப் பழக்கம் கற்களைப் படித்ததில் உருவானது.

ஷ்ரூஸ்பரி: ஒரு கல்லும் ஒரு கொட்டகையும்

டார்வின் 1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் செல்வாக்குள்ள மருத்துவர். தாய் சூசன்னா, மட்பாண்டத் தொழிலில் புகழ்பெற்ற வெட்ஜ்வுட் குடும்பத்துப் பெண். சார்லஸுக்கு எட்டு வயதானபோது தாய் இறந்தார். தந்தைவழித் தாத்தா எராஸ்மஸ் டார்வின் மருத்துவராகவும் கவிஞராகவும் பெயர் பெற்றவர். உயிர்கள் காலப்போக்கில் மாறியிருக்கக்கூடும் என்று பேரன் பிறப்பதற்கு முன்பே எழுதியவர்.

பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும்தான் பாடம். அவற்றில் சார்லஸ் சிறக்கவில்லை. வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அண்ணன் எராஸ்மஸ் ஒரு வேதியியல் கூடம் அமைத்திருந்தார். அண்ணனுக்கு உதவியாளாக நின்று வாயுக்களையும் கலவைகளையும் தயாரித்த சார்லஸுக்குப் பள்ளித் தோழர்கள் ‘கேஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பயனற்ற வேலையில் காலத்தைப் போக்குகிறான் என்று தலைமையாசிரியர் சாமுவேல் பட்லர் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார்.

ஷ்ரூஸ்பரியில் ‘மணிக்கல்’ என்று ஊரார் அழைத்த பெரிய பாறை ஒன்று கிடந்தது. அந்த வகைப் பாறை கம்பர்லாந்துக்கோ ஸ்காட்லாந்துக்கோ இப்பால் எங்கும் இல்லை என்று கற்களைப் பற்றி அறிந்த உள்ளூர் முதியவர் ஒருவர் சிறுவனிடம் சொன்னார். அது எப்படி இங்கே வந்தது என்று உலகம் அழியும்வரை யாராலும் சொல்ல முடியாது என்றும் உறுதியாகக் கூறினார். இடம் மாறிக் கிடக்கும் ஒரு கல் கேட்கும் கேள்வி அந்த வயதிலேயே டார்வின் மனத்தில் பதிந்தது. பனிப்பாறைகள் கற்களைத் தொலைதூரம் சுமந்து செல்லும் என்று பின்னாளில் படித்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அந்தப் பழைய கேள்வியே காரணம்.

எடின்பரோ: வெறுத்த பாடம், கற்ற தொழில்

1825இல் பதினாறு வயது டார்வின் மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். மயக்க மருந்து நடைமுறைக்கு வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போனார். அவற்றில் ஒன்று ஒரு குழந்தைக்கு நடந்தது. இரண்டும் முடியும் முன்பே வெளியே ஓடிவந்தார். பிறகு அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை.

ஆனால் எடின்பரோ வீண்போகவில்லை. கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டனிடம் பறவைகளைப் பாடம் செய்யும் கலையைக் கற்றார். கடலுயிர் ஆய்வாளர் ராபர்ட் கிராண்ட்டுடன் ஃபோர்த் கழிமுகத்தின் கரைகளில் அலைந்து சிறு கடலுயிர்களைச் சேகரித்தார். ஃபிளஸ்ட்ரா என்னும் கடலுயிரின் முட்டை என்று கருதப்பட்ட துகள்கள் தாமே நீந்துவதை நுண்ணோக்கியில் கண்டார். சிப்பி ஓடுகளில் ஒட்டியிருந்த கரும்புள்ளிகள் கடலில் வாழும் ஒருவகை இரத்தம் உறிஞ்சும் அட்டையின் முட்டைக்கூடுகள் என்றும் கண்டறிந்தார். 1827 மார்ச் 27 அன்று மாணவர் சங்கமான பிளினியன் சங்கத்தில் இரண்டையும் அறிவித்தார். பதினெட்டு வயதில் அதுவே அவருடைய முதல் அறிவியல் உரை.

நிலவியலின் முதல் அனுபவம் மட்டும் கசந்தது. பேராசிரியர் ராபர்ட் ஜேம்சன் மாணவர்களைச் சாலிஸ்பரி குன்றுகளுக்கு அழைத்துச் சென்று, பாறைகளைப் பிளந்து நிற்கும் கரும்பாறைச் சுவர் ஒன்றைக் காட்டினார். அது மேலிருந்து படிவு நிரம்பிய வெடிப்பு என்றார். இருபுறமும் பாறை இறுகிக் கிடந்தது; சுற்றிலும் எரிமலைப் பாறைகள். கீழிருந்து உருகிய குழம்பு ஏறி உறைந்தது என்ற விளக்கத்தை ஜேம்சன் ஏளனம் செய்தார். உயிரோட்டமில்லாத அந்த விரிவுரைகளைக் கேட்ட டார்வின், வாழ்நாளில் நிலவியல் நூலைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டினார். அந்த முடிவு நான்கு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

கேம்பிரிட்ஜ்: வண்டுகளிலிருந்து பாறைகளுக்கு

மருத்துவம் ஒத்துவராது என்றானபின், மகனைப் பாதிரியாராக்க நினைத்த தந்தை அவரைக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்த்தார். 1828 முதல் 1831 வரை டார்வின் அங்கே இருந்தார். அந்த நாள்களில் அவரைப் பிடித்திருந்த பைத்தியம் வண்டு சேகரிப்பு. ஒரு நாள் பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகள் தென்பட, கைக்கு ஒன்றாகப் பிடித்தார். மூன்றாவதாக ஒரு புதுவகை கண்ணில் பட்டது. அதை விட மனமின்றி வலக்கை வண்டை வாயில் போட்டுக்கொண்டார். அது கக்கிய காரமான நீர் நாக்கைச் சுட்டது, துப்பினார். அந்த வண்டும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. ஜேம்ஸ் ஸ்டீபன்ஸின் பிரிட்டிஷ் பூச்சிகள் நூலில் ‘பிடித்தவர் சி. டார்வின்’ என்று அச்சேறியதைக் கண்டபோது அவர் கொண்ட பெருமிதத்தை முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

தாவரவியல் பேராசிரியர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோவோடு அன்றாடம் நடை போனதால், ‘ஹென்ஸ்லோவுடன் நடப்பவர்’ என்றே ஆசிரியர்கள் அவரை அடையாளம் சொன்னார்கள். 1831 ஜனவரியில் பட்டத் தேர்வில் 178 பேரில் பத்தாவதாகத் தேறினார். நிலவியல் கற்கும்படி அவரைத் தூண்டியவரும், நிலவியல் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக்கின் களப்பயணத்தில் அவரைச் சேர்த்துவிட்டவரும் ஹென்ஸ்லோதான்.

அந்த ஆகஸ்டில் செட்ஜ்விக் ஷ்ரூஸ்பரி வீட்டில் தங்கியபோது டார்வின் ஒரு செய்தியைச் சொன்னார். அருகிலிருந்த சரளைக் குழியில் வெப்பமண்டலக் கடற்சங்கின் ஓடு ஒன்று கிடைத்ததாக ஒரு கூலியாள் கூறியிருந்தார். பேராசிரியர் வியப்பார் என்று எதிர்பார்த்தார் டார்வின். யாரேனும் அதைக் குழியில் எறிந்திருப்பார்கள் என்று செட்ஜ்விக் ஒரே வார்த்தையில் தள்ளினார். அது உண்மையில் அங்கே புதைந்திருந்தால் நிலவியலுக்கே பெருங்கேடு, அந்த வட்டாரத்து மேற்படிவுகளைப் பற்றி அறிந்தது முழுவதும் பொய்த்துவிடும் என்றார். டார்வின் அதிர்ந்துபோனார். தனி ஒரு வியப்பான பொருள் அறிவியல் ஆகாது, பல உண்மைகளைச் சேர்த்து அவற்றிலிருந்து பொதுவிதி காண்பதே அறிவியல் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்ததாகப் பின்னர் எழுதினார். வண்டு சேகரித்த இளைஞர் ஆய்வாளராக மாறிய இடம் அது.

வடவேல்ஸில் செட்ஜ்விக்குடன் சில நாள்கள் நடந்ததில் பாறை அடுக்கின் சாய்வை அளக்கவும், மாதிரி எடுக்கவும், வரைபடத்தில் அடுக்குகளைக் குறிக்கவும் கற்றார். ஆகஸ்ட் 29 அன்று வீடு திரும்பியபோது ‘பீகிள்’ பயணத்துக்கான அழைப்புக் கடிதம் காத்திருந்தது. தந்தை மறுத்தார். மாமா ஜோசையா வெட்ஜ்வுட் ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் எழுதிய பிறகே இசைந்தார்.

முதல் தீவு, முதல் பாடம்

‘பீகிள்’ 1831 டிசம்பர் 27 அன்று பிளிமத்திலிருந்து கிளம்பியது. 90 அடி நீளக் கப்பலில் எழுபதுக்கும் மேற்பட்டோர். கப்பல் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்க்கு வயது 26. அவர் டார்வினுக்குப் பரிசளித்த நூல் சார்லஸ் லயலின் ‘நிலவியல் கோட்பாடுகள்’ முதல் தொகுதி. மழை, ஆறு, அலை, நிலநடுக்கம், எரிமலை ஆகிய இன்றும் கண்முன் நடக்கும் செயல்களே போதிய காலம் கிடைத்தால் மலையை எழுப்பவும் கரைக்கவும் வல்லவை என்பது லயலின் வாதம். நூலைப் படி, ஆனால் அதன் கருத்துகளை ஏற்காதே என்று ஹென்ஸ்லோ எச்சரித்திருந்தார்.

1832 ஜனவரியில் கேப் வெர்டே தீவுக்கூட்டத்தின் சான்டியாகோ தீவில் கப்பல் நங்கூரமிட்டது. துறைமுகத்தை ஒட்டிய செங்குத்துப் பாறைச்சுவரில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 45 அடி மேலே, வெள்ளைக் கோடு ஒன்று மைல்கணக்கில் ஓடியது. டார்வின் அதைச் சோதித்தார். அது சிப்பிகளும் பவளங்களும் நிறைந்த சுண்ணாம்பு அடுக்கு. கீழே பழைய எரிமலைப் பாறை. மேலே பிற்காலத்து எரிமலைக் குழம்பு பரவி உறைந்திருந்தது. அதன் சூட்டில் சுண்ணாம்பு அடுக்கின் மேற்பகுதி வெந்து இறுகியிருந்தது. அப்படியானால் அந்த அடுக்கு ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது, அதன்மேல் குழம்பு பாய்ந்தது, பிறகு முழுவதும் கடலுக்கு மேல் எழுந்தது. கோடு முறியாமல் சீராக ஓடியதால் எழுச்சி பெருங்குமுறலோடு நிகழவில்லை. மெல்ல நடந்திருக்க வேண்டும். எரிமலை வாய்களை நெருங்கும்போது கோடு கீழே சாய்ந்தது; அங்கே நிலம் தாழ்ந்திருக்கிறது.

ஒரே பாறைச்சுவரில் எழுச்சி, தாழ்வு இரண்டின் வரலாறும் எழுதப்பட்டிருந்தது. லயலின் முறை வேறு எந்த முறையையும்விட மேலானது என்று அங்கேயே தெளிந்ததாக டார்வின் கூறுகிறார். குழம்புப் பாறையின் நிழலில் அமர்ந்திருந்தபோது, போகும் நாடுகளின் நிலவியலைப் பற்றித் தாமே ஒரு நூல் எழுதலாம் என்ற எண்ணம் முதன்முதலாக அவருக்குத் தோன்றியது. கேம்பிரிட்ஜை விட்டு ஓராண்டுகூட ஆகவில்லை.

புதைந்த எலும்புகள், எழுந்த கரை

1832 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா அருகே புன்டா ஆல்டா என்ற தாழ்ந்த கரைமேட்டில் டார்வின் பெரும் எலும்புகளைத் தோண்டி எடுத்தார். சில மெகதீரியம் என்னும் மாபெரும் நிலவாழ் ஸ்லாத்தின் எலும்புகள். இன்று சிறிய ஸ்லாத்துகளும் ஆர்மடில்லோக்களும் வாழும் அதே கண்டத்தில் அவற்றின் உறவினராகத் தெரியும் பெருவிலங்குகள் புதைந்து கிடந்தன. அந்த எலும்புகளோடு சேர்ந்து கிடந்த கடற்சிப்பிகள் பெரும்பாலும் இன்றும் வாழும் இனங்கள். ஆகவே பெருவிலங்குகள் அழிந்தது நிலவியல் கணக்கில் அண்மைக்காலம். கரை முழுவதையும் ஒரு பெருவெள்ளம் புரட்டிப் போட்டதற்கான தடயமும் இல்லை. ஓர் இனம் ஏன் மறைந்தது, அதன் இடத்தில் அதே சாயலுள்ள இனம் ஏன் வாழ்கிறது என்ற கேள்வி பாறை அடுக்கிலிருந்து எழுந்தது.

1835 பிப்ரவரி 20 அன்று சிலியின் வால்டிவியா அருகே காட்டில் டார்வின் படுத்து இளைப்பாறிக்கொண்டிருந்தபோது நிலம் ஆடியது. இரண்டு நிமிடம்தான் நீடித்தது என்றாலும் நெடுநேரமாகத் தோன்றியது. மார்ச் மாதம் கப்பல் கான்செப்சியான் வளைகுடாவை அடைந்தபோது நகரமே இடிபாடாகக் கிடந்தது. டார்வினின் பார்வை இன்னொன்றிலும் நிலைத்தது. கரை உயர்ந்திருந்தது. சான்டா மரியா தீவில் பாறைகளில் ஒட்டியிருந்த மட்டிச் சிப்பிகள் அலைமட்டத்துக்குப் பத்து அடி மேலே அழுகி நாறின. ஃபிட்ஸ்ராய் அதை அளந்து பதிந்தார்.

வால்பரைசோ பக்கத்தில் 1,300 அடி உயரத்தில்கூடக் கடற்சிப்பிகள் கிடைத்தன. ஒரு நிலநடுக்கம் சில அடி உயர்த்தினால், எண்ணற்ற நிலநடுக்கங்கள் ஒரு மலைத்தொடரையே உயர்த்தும். அதே மார்ச்சில் ஆண்டிஸைக் கடந்தபோது ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில் கல்லாகிப்போன சிப்பிகளைக் கண்டார். மெண்டோசாவிலிருந்து உஸ்பயாட்டா கணவாய் வழியே திரும்புகையில், 7,000 அடி உயரச் சரிவில் வெண்மையான தூண்கள் தெரிந்தன. அவை கல்லான மரங்கள், ஏறத்தாழ ஐம்பது. பல நின்ற நிலையிலேயே கல்லாகியிருந்தன. மரங்கள் ஒருகாலத்தில் கடலோரத்தில் வளர்ந்தன. நிலம் தாழ்ந்து அவை கடலில் மூழ்கின. மணலும் எரிமலைக் குழம்பும் மாறி மாறி அவற்றின்மேல் ஆயிரக்கணக்கான அடி படிந்தன. மீண்டும் நிலம் எழுந்து மலையாயிற்று. ஆறுகள் அரித்ததில் மரங்கள் வெளியே தெரிந்தன. ஒரு சரிவில் நின்று இத்தனையையும் வாசிக்கத் தெரிந்த அந்த 26 வயது இளைஞர் அப்போது கலாபகஸ் தீவுகளைப் பார்த்திருக்கவில்லை.

பார்க்கும் முன்பே பிறந்த கொள்கை

டார்வினின் முதல் பெருங்கொள்கை பவளத்திட்டுகளைப் பற்றியது. பவளத்திட்டுகள் மூன்று வகை. நிலத்தை ஒட்டியே வளர்வது கரையோரத் திட்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்திருப்பவை இவ்வகை. கரைக்கும் திட்டுக்கும் இடையே அகலமான கடல் இருந்தால் அது தடுப்புத் திட்டு. நடுவில் நிலமே இல்லாமல் அமைதியான நீர்ப்பரப்பை வளைத்து நிற்பது வளையத் திட்டு. லட்சத்தீவுகளும் மாலத்தீவுகளும் இவ்வகை. திட்டு கட்டும் பவளங்கள் வெளிச்சம் எட்டும் ஆழமற்ற நீரில்தான் வாழும். வளையத் திட்டுகளோ ஆழங்காண முடியாத பெருங்கடலின் நடுவே எழுந்து நிற்கின்றன. அவை எதன்மேல் நிற்கின்றன?

மூழ்கிய எரிமலைகளின் வாய் விளிம்பில் பவளம் வளர்ந்ததே வளையம் என்று லயல் விளக்கினார். நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் வளையங்களுக்கு அவ்வளவு பெரிய எரிமலை வாய் ஏது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. தென்னமெரிக்கக் கரை எழுவதைக் கண்ட டார்வின், எங்கோ நிலம் எழுந்தால் வேறெங்கோ கடலடி தாழ வேண்டும் என்று எண்ணினார். தாழும் எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்ந்தால்? தீவு மெல்ல இறங்க, பவளம் வெளிச்சத்தை நோக்கி மேலே வளர்ந்துகொண்டே இருக்கும். கரையோரத் திட்டு தடுப்புத் திட்டாகும். மலையின் உச்சியும் மூழ்கும்போது வளையம் மட்டும் எஞ்சும். மூன்று வகைகளும் ஒரே வரலாற்றின் மூன்று கட்டங்கள். ஒரு பவளத்திட்டையும் நேரில் பார்க்கும் முன்பே, தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில், இந்தக் கொள்கையை முழுவதுமாகச் சிந்தித்துவிட்டார்.

1835 நவம்பரில் டஹிட்டித் தீவின் ஓர் உயரமான இடத்திலிருந்து எதிரே மூரியா தீவு தெரிந்தது: நடுவே மலை, சுற்றிலும் அமைதியான நீர், அதற்கு வெளியே வெண்ணுரை தெறிக்கும் திட்டு. நடுவிலுள்ள மலையை மட்டும் மனத்தால் நீக்கினால் வளையத் திட்டு. 1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் சான்று கிடைத்தது. ஈயக் குண்டின் அடியில் கொழுப்புப் பூசி ஃபிட்ஸ்ராய் ஆழம் பார்த்தார். பத்துப் பாகம், அதாவது 60 அடி வரை, கொழுப்பில் உயிருள்ள பவளத்தின் அச்சு பதிந்து வந்தது, மணல் ஒட்டவில்லை. ஆழம் கூடக்கூட அச்சு குறைந்து மணல் மிகுந்தது. கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் 7,200 அடிக் கயிறு விட்டும் தரை தட்டவில்லை. மேலே உயிருள்ள மெல்லிய படலம், கீழே செங்குத்தான மாமலை. கொள்கை கூறியதும் அதுவே.

லண்டன்: இரண்டு மாத இடைவெளியில்

1836 அக்டோபர் 2 அன்று ‘பீகிள்’ ஃபால்மத் துறையை அடைந்தபோது டார்வினின் பெயர் அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவர் ஹென்ஸ்லோவுக்கு எழுதிய நிலவியல் கடிதங்கள் 1835 நவம்பரில் கேம்பிரிட்ஜில் வாசிக்கப்பட்டு அச்சிடப்பட்டிருந்தன. 1837 ஜனவரி 4 அன்று சிலிக் கரையின் எழுச்சி பற்றி நிலவியல் கழகத்தில் கட்டுரை வாசித்தார். மே 31 அன்று பவளத்திட்டுக் கொள்கையை முன்வைத்தார். அதை அறிந்த லயல் தம் எரிமலை வாய் விளக்கத்தை மகிழ்ச்சியோடு கைவிட்டார். அடுத்த ஆண்டு கழகத்தின் செயலாளரானார் டார்வின். 1841 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கலாபகஸில் கண்ட குருவிகளின் அலகைப் பார்த்து அங்கேயே பரிணாமம் புலப்பட்டது என்ற கதை பரவலானது, நடந்தது வேறு. 1835 செப்டம்பர், அக்டோபரில் அங்கே ஐந்து வாரம் இருந்த டார்வின், எந்தக் குருவி எந்தத் தீவில் பிடிபட்டது என்று குறித்துவைக்கவில்லை. ஆமைகள் தீவுக்குத் தீவு வேறுபடும் என்று துணை ஆளுநர் சொன்னதையும் அப்போது பொருட்படுத்தவில்லை. 1837இன் தொடக்க மாதங்களில் பறவையியலாளர் ஜான் கூல்ட், தீவுவாரியாகக் குறிக்கப்பட்டிருந்த மாக்கிங்பேர்டுகள் மூன்று தனி இனங்கள் என்றும், உருவத்தில் பெரிதும் வேறுபட்ட சிறுபறவைகள் எல்லாம் நெருங்கிய உறவுள்ள குருவிகளே என்றும் தெரிவித்த பிறகே அந்தச் சான்றின் கனம் விளங்கியது. புதைந்த எலும்புகள் தென்னமெரிக்க வகைகளைச் சேர்ந்தவை என்று உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவனும் உறுதிசெய்தார்.

பவளக் கட்டுரை வாசித்து இரண்டு மாதம் முடியும் முன், 1837 ஜூலையில், இனமாற்றம் பற்றிய முதல் தனிக் குறிப்பேட்டைத் திறந்தார். கிளைவிட்ட மர வரைபடம் அதில்தான் இருக்கிறது. அதே குறிப்பேட்டில், உயிர்களின் உறவை மரம் என்பதைவிடப் பவளம் என்பதே பொருந்தும் என்ற எண்ணமும் காணப்படுகிறது: அடிக்கிளைகள் இறந்து மறைந்திருக்க, நுனிகள் மட்டுமே உயிரோடிருப்பதால், இடைவழிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1838 செப்டம்பர் 28 அன்று மால்தஸின் மக்கள்தொகை நூலைப் படித்தபோது இயற்கைத் தேர்வு என்ற இயக்கம் பிடிபட்டது. இந்தக் காலம் முழுவதும் அவருடைய பகிரங்க வேலை நிலவியலே. உயிரின மாற்றம் அந்தரங்கக் குறிப்பேடுகளில் வளர்ந்தது.

1837 நவம்பர் 1 அன்று வாசித்த சிறு கட்டுரையும் இந்த வரிசையில் சேரும். மாமா வீட்டு வயலில் சில ஆண்டுகளுக்கு முன் தூவிய சுண்ணாம்பும் கரியும் மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கியிருந்தன. மண்புழுக்கள் மண்ணைத் தின்று மேலே தள்ளுவதே காரணம் என்று டார்வின் காட்டினார். இதே பொருளை விரித்து 1881இல் எழுதிய மண்புழு நூலே அவருடைய கடைசி நூல். சிறிய காரணம் நீண்ட காலத்தில் நிலத்தின் முகத்தையே மாற்றும் என்ற நம்பிக்கை 28 வயதிலும் 72 வயதிலும் ஒன்றாகவே இருந்தது.

சறுக்கிய இடம்

எல்லாம் வெற்றியாக அமையவில்லை. ஸ்காட்லாந்தின் கிளென் ராய் பள்ளத்தாக்குச் சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சமமட்டத்தில் ஓடும் படித்தடங்கள் உள்ளன. 1838 ஜூனில் அவற்றை ஆராய்ந்த டார்வின், சிலிக் கரையைப் போலவே இவையும் எழுந்த கடற்கரைகள் என்று 1839இல் எழுதினார். ஒரு கடற்சிப்பிகூடக் கிடைக்கவில்லை. ஏரிக்கரை என்றால் அவ்வளவு நீரைத் தேக்கிய அணை எங்கே என்று கேட்டு அந்த விளக்கத்தை ஒதுக்கினார். 1840இல் பனியாற்று ஆய்வாளர் லூயி அகாசி விடை சொன்னார்: அணை பனியாறு, உருகிப் போய்விட்டது. 1861இல் தாமஸ் ஜேமிசனின் ஆய்வுக்குப் பின் டார்வின் தம் தவற்றை முழுமையாக ஒப்புக்கொண்டார். ஒரு விளக்கத்தை விலக்கிவிட்டதாலேயே மற்றது மெய்யாகிவிடாது என்ற பாடத்தை அறிவியலில் என்றும் மறக்கக்கூடாது என்று எழுதினார். பரிணாமக் கொள்கையை இருபது ஆண்டுகள் தடைகளை எண்ணி எண்ணிச் சோதித்த பொறுமையோடு இந்தத் தோல்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலவியல் தந்த அடித்தளம்

பவளத்திட்டு நூல் 1842இலும், எரிமலைத் தீவுகள் நூல் 1844இலும், தென்னமெரிக்க நிலவியல் நூல் 1846இலும் வெளிவந்தன. 1859 பிப்ரவரியில் நிலவியல் கழகம் தன் உயரிய விருதான வொல்லாஸ்டன் பதக்கத்தை டார்வினுக்கு வழங்கியது. ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவர இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அந்த நூலில் நிலவியல் மூன்று வகையில் வேலை செய்கிறது.

முதலாவது, காலமும் சிறு மாற்றமும். பத்தடி எழும் கரை மலையாவதைப் போல, தலைமுறைக்குத் தலைமுறை சேரும் நுண்ணிய வேறுபாடுகள் புதிய இனமாகின்றன. தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்ட் பள்ளத்தாக்கு அரிபட 30 கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்று முதல் பதிப்பில் அவர் போட்ட கணக்கு மிகை. 1861இன் மூன்றாம் பதிப்பில் அதை நீக்கினார். காலம் மாபெரிது என்ற அடிப்படை நிலைத்தது.

இரண்டாவது, ஒரே நேரத்தில் காணும் பல வடிவங்களை ஒரு வரலாற்றின் கட்டங்களாக வரிசைப்படுத்தும் முறை. ஒரு தீவு வளையத் திட்டாவதை எந்த மனிதரும் பார்த்ததில்லை. மூன்று வகைத் திட்டுகளையும் அடுக்கினால் பாதை தெரிகிறது. ஒளியுணரும் எளிய நரம்பிலிருந்து முழுக் கண் உருவானதை விளக்கும்போது, இன்று வாழும் விலங்குகளின் கண்களை எளிமையிலிருந்து சிக்கலுக்கு வரிசைப்படுத்துகிறார். பவளத்தில் கையாண்ட முறைதான் அது.

மூன்றாவது, பதிவின் குறைபாடு. இடைநிலை உயிர்கள் பாறைகளில் ஏன் கிடைக்கவில்லை என்ற மறுப்புக்கு நூலில் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார். கடலடி தாழும்போதுதான் படிவு கனமாகச் சேர்ந்து உயிர்களைக் காக்கும். எழும்போது அலைகள் அரித்துவிடும். எனவே பாறைப் பதிவில் இடைவெளி இருப்பதே இயல்பு. நிலத்தின் எழுச்சியையும் தாழ்வையும் நேரில் படித்தவரால் மட்டுமே அந்தப் பதிலை அவ்வளவு உறுதியோடு எழுத முடியும்.

துளை போட்டுப் பார்த்த கொள்கை

பவளக் கொள்கையை டார்வினின் காலத்திலேயே ஜான் மரே, அலெக்சாண்டர் அகாசி ஆகியோர் மறுத்தார்கள். யாரேனும் ஒரு கோடீஸ்வரர் வளையத் திட்டில் ஆழத் துளையிட்டுப் பார்க்க மாட்டாரா என்று 1881இல் அகாசிக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கினார் டார்வின். 1896 முதல் 1898 வரை பசிபிக்கின் ஃபுனாஃபூட்டியில் இட்ட துளை 340 மீட்டர் போயும் எரிமலைப் பாறையைத் தொடவில்லை, வழக்கு தீரவில்லை. 1952இல் எனிவெடாக் திட்டில் அமெரிக்கர் இட்ட துளைகள், ஆழமற்ற நீரில் வளர்ந்த சுண்ணாம்பைத் தாண்டி, 1,200 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் எரிமலைப் பாறையைத் தொட்டன. அடியிலிருந்த சுண்ணாம்பின் வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு. நூறாண்டுக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இறங்காத தீவோடு பவளம் ஈடுகொடுத்து வளர்ந்திருக்கிறது.

தாழ்வின் காரணம் டார்வின் எண்ணியது அல்ல. கண்டம் எழுவதற்கு ஈடாகக் கடலடி இறங்குவதில்லை. நடுக்கடல் முகடுகளில் பிறக்கும் கடலடித் தட்டு விலகிச் செல்லச் செல்லக் குளிர்ந்து கனத்து அமிழ்கிறது, அதன்மேலுள்ள எரிமலைகளும் அமிழ்கின்றன. பனியூழிகளில் கடல்மட்டம் ஏறி இறங்கியதும், வெளியே தெரிந்த சுண்ணாம்பு மழைநீரில் கரைந்ததும் இன்றைய வளையங்களின் வடிவத்தில் பெரும்பங்கு வகித்திருக்கின்றன. ஆனால் எரிமலை தாழப் பவளம் உயர்ந்தது என்ற மையக் கூற்று நிலைத்துவிட்டது.

இளமையை அறிந்தபின் டார்வின் வேறொருவராகத் தெரிகிறார். கலாபகஸில் திடீரென ஒளி கண்ட ஞானியும் அல்ல, வீட்டுத் தோட்டத்தில் அமர்ந்து உலகை வியந்த முதியவரும் அல்ல. களத்தில் சுத்தியலும் சாய்வுமானியும் ஏந்தி நடந்து, சான்றைத் தேடி, பொதுவிதியை முன்வைத்து, பொய்த்தபோது திருத்திக்கொண்ட தொழில்முறை நிலவியலாளர். உயிர்களுக்கும் வரலாறு உண்டு என்று அவரால் காட்ட முடிந்தது, நிலத்துக்கு வரலாறு உண்டு என்பதை முப்பது வயதுக்குள் தம் கையால் அளந்து அறிந்திருந்ததால்தான்.